தண்ணீருக்குச் சொல்ல வேண்டியது

யோசெப்பை நான் அடித்தேன். கையால் இல்லை, குடையால். கனடாவில், மொன்ட்ரியால் பக்கத்து டோர்வல் ஏரிக்கரையில், பட்டப்பகலில், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, முதுகிலும் தோளிலும் மாறி மாறிப் போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடிக்கிறது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வேறு யார் வந்து அந்த மனிதரைக் குடையால் அடிக்கப் போகிறார்கள்?

என் புருஷன் நிரூபன் அந்தத் தண்ணீருக்குள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போனது தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரி அப்போதும் உறைந்துதான் கிடந்தது. ஆனால் ஐஸ் வெள்ளை மாறிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. சாம்பல் நிற ஐஸில் கால் வைக்காதே என்று யோசெப் சொல்லித்தான் இருந்தாராம். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த என் ஆளுக்குத் தண்ணீரைப் பற்றி யார் சொன்னாலும் காதில் ஏறாது. "தண்ணியப் பத்தி எனக்கே படிப்பிக்கிறானுகள்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்போடுதான் தூண்டிலையும் வாளியையும் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார். வாவி உறையாது என்பது அவருக்கு நினைவு வரவில்லையா, என்ன இழவோ. வாளி மட்டும் ஐஸின் மேலே இருந்தது.

பொலிஸ் சுழியோடிகளை இறக்கினார்கள், ஹெலிகொப்டர் விட்டார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஐஸ் உடைந்தால் உடல் தானாக மேலே வரலாம், வராமலும் போகலாம் என்றார் ஓர் அதிகாரி. இந்த ஏரி ஆறு அகன்று நிற்கிற இடம்தான், கீழே லஷீன் பக்கம் அது பாறைகளில் விழுந்து ஓடுகிற இடம் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் தேடிப் பிரயோசனம் இல்லை என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னார். அந்த முகத்தைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உயிரோடு தா என்று நான் கேட்கவில்லை, எனக்கு விசர் இல்லை. அவருடைய உடம்பு வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், வேட்டி உடுத்த வேண்டும், என் கண் முன்னால் நெருப்பு வைக்க வேண்டும். அந்தப் பாறைகளைத் தாண்டும் முதல் அவர் என் கைக்கு வர வேண்டும்.

மொன்ட்ரியால்-நோரிலிருந்து என் அண்ணன் அரியரத்தினம் வாரா வாரம் வந்து நின்றார். படத்தை வைத்துக் கிரியையை முடித்துவிடலாம், ஐயரிடம் கேட்டுவிட்டேன், குறை ஒன்றும் இல்லையாம் என்றார்.

"படத்தைக் குளிப்பாட்டுவீங்களா அண்ணன்?" என்று கேட்டேன்.

"ஏன்கா இப்பிடிக் கதைக்கிறாய்? நாலு சனம் என்ன சொல்லும்? புள்ளையையும் பாக்கிறல்ல, நீயும் தின்னிறல்ல."

"நாலு சனத்தையும் வரச் சொல்லுங்க. வந்து ஆத்துக்குள்ள இறங்கித் தேடட்டும்."

அண்ணன் எழுந்து போய் யன்னலோரம் நின்று அழுதார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

நான் கேட்காத சாமி இல்லை. மாமாங்கத்தாருக்கு நேர்த்தி வைத்தேன். கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தேன். மலை மேலே இருக்கிற புனித யோசெப் கோயிலுக்குப் போய், எங்கள் சனம் எல்லாம் செய்கிறது போல, மெழுகுதிரி கொளுத்தினேன். தந்தால் இது தருவேன், தந்தால் அது தருவேன் என்று சந்தையில் நிற்கிறவள் மாதிரிப் பேரம் பேசினேன். ஒருவரும் இறங்கி வரவில்லை.

வீட்டுக் குழாய்த் தண்ணீரை நான் தொடுவதில்லை. இந்த நகரம் குடிக்கிற தண்ணீர் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து தொண்டைக்குள் இறங்க மறுத்தது. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஊரில் வாவி மீனை வாங்காமல் விட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். வாவியில் எது எது மிதந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற தெப்பனர் என்கிற மூலைக்கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி, அதிலேயே சோறும் சமைத்தேன். மகள் கௌசலாவுக்கு அப்போது ஐந்து வயது. ஏன் அம்மா தண்ணியக் கடையில வாங்கிற என்று கேட்டாள். அவளுக்கும் ஓர் அடி போட்டேன்.

யோசெப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் நிரூபனும் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற இடத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். ஏறக்குறைய ஒரே வயது. யோசெப் லகோட்டா என்கிற பூர்வகுடி ஆள். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் அவர்களுடைய ஊர். கல்யாணம் கட்டியது ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காநவாகேயில், மொஹாக் பூர்வகுடிப் பெண்ணை. அதனால் மச்சான்மார் ஊரில் வந்து இருந்தார். நிரூபனை முதன்முதலில் ஐஸ் மேலே மீன் பிடிக்கக் கூட்டிப் போனது அவர்தான். ஆகவே என் கணக்கில் குற்றவாளியும் அவர்தான்.

"இவன் ஒரு வகையான ஆள் கனகம்" என்று நிரூபன் சொல்வார். "ஐஸில ஓட்டை போட்டதும் தூண்டிலப் போடமாட்டான். கொஞ்சம் புகையிலைய எடுத்து வைச்சு, தண்ணிக்கு நன்றி சொல்லுவான். மீன் புடிச்ச பிறகு இல்ல, முதலே! மீன் வந்தாலும் சொல்லுவான், வராட்டியும் சொல்லுவான். தண்ணி, மரம், கல்லு எல்லாம் சொந்தக்காரராம்."

"சொந்தக்காரர் எண்டா மறுகா நன்றி எதுக்கு? சண்டையல்லவா புடிக்கோணும்" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அன்றைக்குக் கரையில் அதே மனிதர் புகையிலைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றதைக் கண்டதும் எனக்குக் கண் இருட்டியது. என் புருஷனை விழுங்கிய தண்ணீருக்கு இவர் வந்து நன்றி சொல்கிறாரா? அதனால்தான் குடை.

அடித்துக் களைத்து ஈரப் புல்லில் இருந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். அவர் சொன்னது என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன்.

"சொல்லவில்லை" என்றார். "நன்றி சொல்லவில்லை. சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் வருகிறேன். வாய் வரவில்லை. பையைத் திறக்கிறேன், மூடுகிறேன், வீட்டுக்குப் போகிறேன். சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த சொல். எனக்கும் இந்தத் தண்ணீரோடு கோபம்."

அவருடைய கன்னங்கள் உள்ளே போயிருந்தன. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. நான் மட்டும்தான் சாகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"உங்கட மச்சானுக்குப் போட் இருக்குத்தானே" என்றேன். "ஐஸ் போயிட்டு. என்னைக் கூட்டிக்கொண்டு போங்க. கரை கரையாத் தேடுவம். பொலிசுக்குத் தேவையில்ல, எனக்குத் தேவை."

அவர் தலையை ஆட்டினார். முடியாது என்கிற ஆட்டல்.

"ஏன்? பயமா?"

"தண்ணீரிடம் ஒன்றை எடுக்கப் போகிறோம். எதை எடுப்பதானாலும் முதலில் நன்றி சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். மனதில் கசப்போடு போனால் நான் திருடப் போகிற மாதிரி. அப்படிப் போக என்னால் முடியாது கனகமணி. அவன் எனக்கும் சகோதரன். அவனைத் திருடிக்கொண்டு வர மாட்டேன்."

கேட்டீர்களா கதையை! என் புருஷன் நாளுக்கு நாள் பாறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார், இந்த மனிதர் வழக்கம் பார்க்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னொரு குடை இருந்திருந்தால் அதையும் முறித்திருப்பேன். ஆனால் குடை முறிந்துபோயிருந்தது, போட் அவரிடம் இருந்தது. காலில் விழுந்தேன். உண்மையாகவே விழுந்தேன், ஈரப் புல்லில், அவருடைய சேறு பிடித்த பூட்ஸைப் பிடித்துக்கொண்டு. அவர் பதறிப்போய்த் தூக்கினார்.

"நான் சொல்றன்" என்றேன். "உங்களுக்கு வராட்டி நான் சொல்றன். என்ன சொல்லோணும் எண்டு சொல்லித் தாங்க."

"சொல்லித் தர ஒன்றும் இல்லை. உங்கள் பாஷையில், உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் உண்மையாக இருக்க வேண்டும். தந்தால் தருகிறேன் என்று சொல்லக்கூடாது. அது வியாபாரம்."

"எங்கட பாஷையில எப்பிடிச் சொல்றது?"

"சொந்தக்காரருக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி."

எனக்கு அழுகைக்குள்ளேயும் சிரிப்பு வந்தது. சொந்தக்காரருக்கு நாங்கள் எங்கே நன்றி சொன்னோம்? வெளியில் பஸ்காரனுக்குப் பிரெஞ்சில் மெர்சி, தெப்பனர்காரனுக்கு மெர்சி, காலை மிதித்தவனுக்கும் மெர்சி. வீட்டுக்குள் வந்தால் அந்தப் பேச்சே இல்லை. நன்றி என்பது கூட்டம் முடிகிற நேரம் மேடையில் சொல்கிற சொல். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பழகி வந்த கௌசலா ஒரு நாள் சோற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு எனக்கு மெர்சி என்றாள். "அம்மாவுக்கு ஆரும் மெர்சி சொல்லுவாங்களா, நான் என்ன வேத்து ஆளா?" என்று நான் கோபித்தேன். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் நிரூபனுக்கு ஒரு தரம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாருக்கும் சுகமில்லையோ என்று பயந்திருப்போம்.

அடுத்த நாள் காலை கௌசலாவை கார்டெரியில் விட்டுவிட்டு, மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போனேன். யோசெப் மச்சானின் அலுமினியப் போட்டை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து நின்றார். பாதுகாப்பு அங்கியை எனக்கு மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். ஒரு சிட்டிகைப் புகையிலையை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் கறுப்பாக இருந்தது. கரையோரம் இன்னும் அழுக்கு ஐஸ் துண்டுகள் கிடந்தன. நான் வாயைத் திறந்தேன். வந்தது நன்றி இல்லை, ஏச்சு.

"நாசமாப் போன தண்ணியே! கண்ணில்லையா உனக்கு? அஞ்சு வயசுப் புள்ளட அப்பன விழுங்கிட்டு எப்பிடி ஒண்டும் நடக்காத மாதிரிக் கிடக்கிறாய்? ஷெல்லுக்குத் தப்பி, ஆமிக்குத் தப்பி, எத்தனை எயார்போட்டுத் தாண்டி வந்த மனிசன். உனக்கா தின்னக் குடுக்க வந்த?"

யோசெப்புக்குத் தமிழ் தெரியாது. ஏச்சு எந்தப் பாஷையிலும் ஏச்சுத்தான். ஏசி ஏசி எனக்குக் குரல் அடைத்துப் போனது. ஏச்சு முடிந்த இடத்தில் வேறு ஒன்று கிடந்தது. அதைச் சொல்ல எனக்கு விருப்பமே இல்லை.

கனடா வந்த பிறகு நிரூபன் கதைப்பதை விட்டிருந்தார். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கேட்டால் ஓம், இல்லை. ஊரில் என்ன கண்டாரோ, எனக்குச் சொன்னதில்லை. இரவில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். இனி இந்த மனிதன் இப்படித்தான் என்று நான் மனதை விட்டிருந்தேன். அந்த மார்ச்சுக்கு முந்தின மார்கழியில் ஒரு ஞாயிறு, யோசெப்போடு போனவர் மூக்கு சிவக்க, கை விறைக்க, வாளியில் நாலு மஞ்சள் மீனோடு வந்து நின்றார். வந்தவர் வாய் மூடவில்லை. ஐஸ் எவ்வளவு தடிப்பு, மீன் எப்படி இழுத்தது, யோசெப் எப்படி வழுக்கி விழுந்தான், எல்லாம் சொன்னார். தானே செதில் உரித்துச் சொதி வைத்தார். கௌசலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஆடினார். குளிர்கால மாரி முழுக்க எனக்குப் புருஷன் இருந்தார். ஞாயிறு எப்போது வரும் என்று நானே பார்த்திருந்தேன்.

"அதையும் நீதான் தந்தாய்" என்று தண்ணீரிடம் சொன்னேன். "செத்துப்போன மாதிரி இருந்த மனிசன நீதான் எழுப்பித் தந்தாய். ஒரு மாரிக்குத் தந்தாய். அது பொய்யில்ல. நான் அதச் சொல்லாம விட ஏலாது. உன்னோட எனக்குக் கோபம் போகாது, சாகுமட்டும் போகாது. ஆனாத் தந்தது தந்ததுதான்."

கையை விரித்தேன். புகையிலை தண்ணீரில் விழுந்து கொஞ்ச நேரம் மிதந்தது. யோசெப் போட்டைத் தள்ளி ஏறி, இஞ்சினை இழுத்தார்.

நான் சொன்னதற்காகத் தண்ணீர் அவரைத் தந்தது என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் தேடினோம்! கரை கரையாக, நாணல் நாணலாக. பார்க்கிற கட்டை எல்லாம் அவராகத் தெரிந்தது. ஒரு கறுப்புக் குப்பைப் பையைக் கண்டு நான் குழறியதில் போட் கவிழப் பார்த்தது. மத்தியானம் தாண்டிக் காற்று எழும்பியது. கை கால் விறைத்து, பல் கிடுகிடுக்க ஆரம்பித்தது. லஷீன் பக்கம் தண்ணீர் இழுக்கிற இழுப்பு போட்டிலேயே தெரிந்தது. இனிப் போனால் நாங்களும் போய்விடுவோம் என்று யோசெப் திருப்பினார். திரும்பாதே, திரும்பாதே என்று அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் அழுதுகொண்டேதான் திருப்பினார்.

கரையோரம் சின்னத் திட்டு ஒன்று. அதில் கிழட்டு வில்லோ மரம் ஒன்று வேர் பாதி கிளம்பி, தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த கொப்புகளில் அப்போதுதான் மஞ்சளாகத் துளிர் வந்திருந்தது. காற்று எங்களை அந்தப் பக்கம் தள்ளியது. கொப்புகளுக்கு இடையில் செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. வேலைத்தலத்தில் கொடுக்கிற மாரி ஜாக்கெட்டின் நிறம் அது. கையில் இரண்டு வெள்ளிப் பட்டி. எத்தனை தரம் தோய்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

நான் கத்தவில்லை. யோசெப்பின் முதுகில் தட்டிக் காட்டினேன்.

நிரூபன் குப்புறக் கிடந்தார். முறிந்த கொப்பு ஒன்று ஜாக்கெட்டின் கைக்குள்ளால் நுழைந்து தோள் பக்கம் வெளியே வந்திருந்தது. ஆறு அவரை இழுத்துப் பார்த்திருக்கிறது, மரம் விடவில்லை. யோசெப் என்னைத் திட்டில் இறக்கிவிட்டு, பொலிசுக்குப் போன் பண்ணக் கரையில் தெரிந்த வீட்டை நோக்கிப் போட்டை விட்டார். நான் அடிமரத்தின் மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். ஜாக்கெட்டின் விளிம்பு மட்டும்தான் எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கௌசலாவுக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன். அண்ணன் படத்தை வைத்துக் கிரியை செய்யப் பார்த்ததைக் கோள் சொன்னேன். அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பொலிஸ் போட் வந்தது, யோசெப்பும் அதில் வந்தார். இரண்டு பேர் ரப்பர் உடுப்போடு தண்ணீரில் இறங்கினார்கள். பார்த்தார்கள், தங்களுக்குள் பிரெஞ்சில் கதைத்தார்கள். ஒருவர் போட்டுக்குள்ளிருந்து மரம் அரிகிற கைவாளை எடுத்தார். கொப்பை அரிந்தால் லேசாக எடுத்துவிடலாம் என்பது எனக்கு விளங்கியது. வாளைக் கொப்பில் வைத்துவிட்டார்.

"பா லாப்ர!" என்று கத்தினேன். மரத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். "பா லாப்ர! ஜாக்கெட்ட வெட்டுங்க! அதை வெட்டாதீங்க, அது ஒண்டும் செய்யல்ல!"

அந்த ஆள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். வாளோடு அப்படியே நின்றார். யோசெப் ஏதோ சொன்னார். பிறகு அவரே உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கி, இடுப்புக் கத்தியை எடுத்து, ஜாக்கெட்டின் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மெதுவாக அறுத்தார். அறுக்கும்போது அவருடைய வாய் அசைந்தது. தன் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே அறுத்தார். குரல் முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வோபிலா, வோபிலா. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

கொப்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. நிரூபன் கழன்று, பாரத்தோடு அவர்கள் கைகளில் வந்தார். முகத்தை மூடுகிறோம், பார்க்காதீர்கள் என்றார்கள். சரி என்றேன். அந்த அடிமரத்தில் என் கையை வைத்தேன். ஈரமாக, சொரசொரப்பாக இருந்தது. எனக்குச் சொல் தேடவேண்டி இருக்கவில்லை. சொந்தத்தில் ஒருத்தி எங்கள் வீட்டு ஆளைத் தன் வீட்டில் வைத்து, குளிருக்கும் காற்றுக்கும் நடுவில் கண்ணாகப் பார்த்து, திருப்பித் தந்தால் என்ன சொல்வோமோ அதுதான் வந்தது.

"இவ்வளவு நாளும் நீதான் இவர வச்சுப் பாத்தாய்" என்றேன். "இனி நான் பாக்கிறன். நீ நல்லா இருக்கோணும்."

பிறகு தண்ணீருக்குள் இறங்கி, அவருடைய ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.